தற்காலிக அலுவலக வேலையும் சிறு ஆள்சேர்ப்பு நிலையங்களும்

நம் கிராமங்களில் பட்டம் பெற்ற பிள்ளைகள் இல்லாத தெரு இன்று அரிது. படிப்பை முடித்தவர்கள் அரசுத் தேர்வுகளுக்கு ஆயத்தம் செய்துகொண்டும், வயல் வேலையில் பெற்றோருக்கு உதவிக்கொண்டும் இரண்டு மூன்று ஆண்டுகளைக் கழிக்கின்றனர். இவ்விடைக்காலத்தில், அருகிலுள்ள நகரத்து அலுவலகங்களில் மூன்று மாதம், ஆறு மாதம் என்று கிடைக்கும் தற்காலிக வேலை அவர்களுக்குக் கைச்செலவுக்கும் உதவும், அனுபவத்துக்கும் உதவும். ஆனால் அவ்வேலைகளுள் பலவற்றை அலுவலகத்தார் இப்பொழுது நேரே கொடுப்பதில்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரில் மாடியில் ஓர் அறை, இரண்டு மேசைகள், ஒரு கணினி, மூன்று சிப்பந்திகள் என்ற அளவில் நடைபெறும் சிறு ஆள்சேர்ப்பு நிலையங்களின் வாயிலாகவே ஆட்களை எடுத்துக்கொள்கின்றனர். ஊரார் வழக்கில் இவற்றுக்குக் 'கன்சல்டன்சி' என்று பெயர்.

இந்நிலையங்களை நம்பலாமா என்ற கேள்வியோடு ஒன்றிய அலுவலகத்துக்கு வரும் பெற்றோர் பலர். எல்லாம் மோசடி என்று ஒதுக்கிவிடுவோரும் உண்டு; கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்போரும் உண்டு. முன்னவர் நல்ல வாய்ப்பை இழக்கின்றனர். பின்னவர் பணத்தை இழக்கின்றனர். யார் யாருக்குப் பணம் கொடுக்கிறார்கள் என்ற ஒன்றைத் தெளிவாக அறிந்துகொண்டால், நல்ல நிலையம் எது, தீயது எது என்பது பெரும்பாலும் தானே விளங்கிவிடும். அதையே இங்கு விளக்க முற்படுகிறேன்.

அரசாங்க வேலைவாய்ப்பு அலுவலகம் இருக்கும்பொழுது இடையில் தனியார் நிலையம் எதற்கு என்று சிலர் கேட்பர். வேலைவாய்ப்புப் பணி நம் நாட்டில் 1945ஆம் ஆண்டு, போரிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்கு வேலை தேடித் தருவதற்காகத் தொடங்கப்பட்டது. பிறகு அனைவருக்கும் திறந்துவிடப்பட்டு, 1956 நவம்பரில் மாநில அரசுகளின் நிர்வாகத்துக்கு வந்தது. காலியிடங்களைக் கட்டாயமாக அறிவிக்கவேண்டும் என்று 1959இல் இயற்றப்பட்ட சட்டம், 25 பேருக்குக் குறையாத ஊழியர்களைக் கொண்ட தனியார் நிறுவனங்களுக்கும் பொருந்தியது. எனினும் அச்சட்டம் மூன்று மாதத்துக்கும் குறைவான வேலைகளுக்கு விலக்கு அளித்திருந்தது. அறிவிக்கவேண்டும் என்றதேயன்றி, அனுப்பப்பட்டவரையே வேலைக்கு எடுக்கவேண்டும் என்று சொல்லவில்லை. ஆகவே குறுகிய கால வேலைகள் தொடக்கத்திலிருந்தே வேறு வழி தேடின.

விவசாயிகளுக்கு இதனை எளிதில் விளக்கலாம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் இருக்கிறது. அங்கே விவசாயி கமிஷன் கொடுக்கவேண்டியதில்லை. அப்படியிருந்தும் கமிஷன் மண்டி மறையவில்லை. அவசரத்துக்குக் கைகொடுப்பதும், சிறு அளவுச் சரக்கை ஏற்பதும் மண்டிதான். ஆள்சேர்ப்பு நிலையமும் அத்தகையதே. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மண்டியில் கமிஷன் பெரும்பாலும் விளைவித்தவன் தலையில் விழுகிறது. ஆள்சேர்ப்பு நிலையத்தில் கமிஷன் கொடுக்கவேண்டியவர், ஆளை எடுத்துக்கொள்ளும் அலுவலகத்தார். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரில் 1946ஆம் ஆண்டு ரஸ்ஸல் கெல்லி என்பவர் தொடங்கிய நிறுவனம் இத்தொழிலின் முன்னோடிகளுள் ஒன்று. அலுவலகங்களுக்குத் தட்டச்சர்களை அனுப்பி, அதற்குரிய தொகையை அந்த அலுவலகங்களிடமே பெற்றது அந்நிறுவனம். இன்றளவும் தொழில் முறை அதுவே.

அலுவலகத்துக்கும் பருவம் உண்டு. மார்ச்சு மாதக் கணக்கு முடிப்பு, கல்லூரிச் சேர்க்கைக் காலம், தீபாவளிக்கு முந்திய ஜவுளி வியாபாரம், சர்க்கரை ஆலையின் அரைவைப் பருவம் ஆகிய நாட்களில் பில் பதியவும், கோப்பு அடுக்கவும், தொலைபேசிக்குப் பதில் சொல்லவும் கூடுதல் ஆட்கள் தேவை. நடவுக்குக் கூடுதல் ஆள் தேடுவது போன்றதே இது. அன்றியும் 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பேறுகால விடுப்பு 26 வாரங்களாக உயர்ந்தது. ஒரு பெண் ஊழியர் அவ்விடுப்பில் செல்லும்பொழுது அந்த நாற்காலிக்கு ஆறு மாதத்துக்கு ஒருவர் வேண்டும். நல்ல நிலையத்திலிருந்து நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் இடங்களுள் இது சிறந்தது என்பது என் கருத்து. வேலை இன்னதென்று முன்பே தெரியும். முடியும் நாளும் தெரியும். கற்றுக்கொடுக்கவும் அலுவலகத்தில் ஆட்கள் இருப்பர்.

இரு வகை நிலையங்கள்

ஒரு வகை நிலையம், ஆளை அலுவலகத்துக்கு அறிமுகம் செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். சம்பளம் கொடுப்பவர் அலுவலகத்தார். மற்றொரு வகை நிலையம், ஆளைத் தன் பதிவேட்டிலேயே வைத்துக்கொண்டு வேலைக்கு மட்டும் அலுவலகத்துக்கு அனுப்பும். சம்பளம் கொடுப்பது நிலையம். தற்காலிக வேலைகளில் இரண்டாவது முறையே மிகுதியாக வழங்குகிறது. 'வெளி முகமை' என்று அரசு அலுவலகங்களில் நாம் சொல்வதும் இதுவே. வேலைக்குச் செல்லும் பிள்ளை முதலில் கேட்டறிய வேண்டியது, தான் எந்த வகையில் சேர்கிறோம் என்பதுதான்.

இரண்டாம் வகையில் பணம் எவ்வாறு ஓடுகிறது என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். ஒரு பெண்ணுக்கு மாதச் சம்பளம் ரூ. 15,000 என்று வைத்துக்கொள்வோம். இதற்கு வேலை கொடுப்போர் செலுத்தவேண்டிய வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.), அதன் துணைக் கட்டணங்களோடு நூற்றுக்கு 13 வீதம் ரூ. 1,950. இ.எஸ்.ஐ. காப்பீட்டுக்கு நூற்றுக்கு 3.25 வீதம் ரூ. 488. ஆக ரூ. 17,438. நிலையத்தின் கூலி நூற்றுக்கு 5 என்று கொண்டால் (இது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும்) ரூ. 872. மொத்தம் ரூ. 18,310. அதன்மீது ஜி.எஸ்.டி. வரி நூற்றுக்கு 18 வீதம் ரூ. 3,296. அலுவலகத்தார் நிலையத்துக்குக் கொடுப்பது ரூ. 21,606.

அந்தப் பெண்ணின் கையில் சேர்வது எவ்வளவு? சம்பளத்திலிருந்து வைப்பு நிதிக்கு நூற்றுக்கு 12 வீதம் ரூ. 1,800, இ.எஸ்.ஐ.க்கு நூற்றுக்கு 0.75 வீதம் ரூ. 113 பிடித்தம் போக ரூ. 13,087. அரையாண்டுக்கு ஒரு முறை பிடிக்கும் தொழில் வரியை நான் இதில் சேர்க்கவில்லை. ஊராட்சி உறுப்பினர்களுக்கு அது தெரிந்ததே.

21,606 எங்கே, 13,087 எங்கே என்று பார்த்தவுடன் நிலையம் கொள்ளையடிக்கிறது என்று தோன்றும். அது சரியன்று. இடைவெளியில் ரூ. 3,750 அந்தப் பெண்ணின் பெயரிலேயே வைப்பு நிதிக் கணக்குக்குச் செல்லவேண்டிய தொகை. துணைக் கட்டணம் அதில் சிறு பகுதியே. ரூ. 601 காப்பீட்டுக்குரியது. ரூ. 3,296 வரி. நிலையத்துக்கு நிற்பது ரூ. 872 மட்டுமே.

நெருக்கடி இங்கேதான் தொடங்குகிறது. இருபது பேரை அனுப்பும் நிலையத்துக்கு மாதம் ரூ. 17,440 கிடைக்கும். அதில் அறை வாடகையும் சிப்பந்திகளின் சம்பளமும் அடங்கவேண்டும். ஆனால் அது மாதம்தோறும் இருபது பேர் கையிலும் கொடுக்கவேண்டிய சம்பளம் ரூ. 2,61,740. அலுவலகத்தார் பில்லுக்குப் பணம் கொடுக்க நாற்பத்தைந்து நாள், அறுபது நாள் எடுத்துக்கொள்வது சாதாரணம். அதுவரை நிலையத்தார் தம் முதலைப் போட்டுச் சம்பளம் கொடுக்கவேண்டும். முதல் இல்லாத சிறு நிலையம் என்ன செய்யும்? சம்பளத்தை ஒரு வாரம், இரண்டு வாரம் தள்ளும். அதுவும் போதாதபொழுது, இருபது பேருக்கும் சேர்த்து மாதம் ரூ. 87,020 வரும் வைப்பு நிதி, காப்பீட்டுத் தொகையில் கை வைக்கும். சம்பளம் தவறினால் ஊழியர் அன்றே கேட்பார். வைப்பு நிதி தவறினால் பல மாதம் வரை ஒருவருக்கும் தெரியாது. ஆகவே நிலையம் தளர்வதன் முதல் அடையாளம் வைப்பு நிதிக் கணக்கில்தான் தெரியும்.

இதனைக் கண்டறிவது கடினமன்று. ஒவ்வொரு மாதத் தொகையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்படவேண்டும். ஊழியருக்கு யு.ஏ.என். என்னும் நிரந்தர எண் ஒன்று உண்டு. வேலை எத்தனை முறை மாறினாலும் அவ்வெண் மாறாது. அதைக்கொண்டு தம் கணக்குப் புத்தகத்தைக் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். மேலும், வைப்பு நிதி நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் எந்த நிறுவனத்தின் பெயரையும் தேடி, அது மாதம்தோறும் பணம் கட்டிவருகிறதா என்று பார்க்கும் வசதி உண்டு. வேலையில் சேருமுன்னரே இதைப் பார்த்துவிடலாம். ஊரில் கைப்பேசியைப் பாட்டுக்கும் படத்துக்கும் பயன்படுத்தும் நேரத்தில் பத்து நிமிடம் இதற்குப் போதும்.

சிறு நிலையம் என்பதாலேயே அது தாழ்ந்தது என்று நான் கூறவில்லை. உள்ளூர் அலுவலகங்களை அறிந்தவர்கள் அவர்களே. எந்தப் பேருந்தில் வந்தால் ஒன்பது மணிக்குச் சேரலாம், எந்த அலுவலகத்தில் பெண்கள் இருட்டுமுன் புறப்படலாம் என்பன போன்ற செய்திகள் பெருநகரத்திலிருந்து நடத்தப்படும் பெரிய நிறுவனத்துக்குத் தெரியா. முதலும் நாணயமும் உள்ள சிறு நிலையம் ஒரு வட்டாரத்துக்குப் பெரிய உதவி.

சட்டம் சொல்வது

ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய 1970ஆம் ஆண்டுச் சட்டம் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. அதன்படி இருபது பேரும் அதற்கு மேலும் அனுப்பும் ஒப்பந்தக்காரர் உரிமம் பெறவேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபின் அந்த எண்ணிக்கை ஐம்பதாக உயர்ந்துவிட்டது. ஆகவே, "லைசென்ஸ் இருக்கிறதா?" என்று சிறு நிலையத்தாரைக் கேட்பதில் இப்பொழுது அதிகப் பயனில்லை. வைப்பு நிதிப் பதிவு எண், இ.எஸ்.ஐ. பதிவு எண், ஜி.எஸ்.டி. எண் ஆகிய மூன்றையும் கேட்பதே பயன் தரும். இருபது ஊழியர் இருந்தால் முதலாவதும், பத்து ஊழியர் இருந்தால் இரண்டாவதும் கட்டாயம். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் மூன்றாவதும் கட்டாயம். பதிவே இல்லாத நிலையம் பி.எஃப். என்ற பெயரில் சம்பளத்தில் ஒரு ரூபாயும் பிடிக்கலாகாது.

ஊதியச் சட்டத் தொகுப்பு, பெரிய நிறுவனம் சிறிய நிறுவனம் என்ற வேறுபாடின்றிப் பொருந்துவது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுக்கப்படவேண்டும். வேலையிலிருந்து நீக்கினாலும், ஊழியரே விலகினாலும் இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்குத் தீர்க்கவேண்டும். சம்பளச் சீட்டு கொடுக்கவேண்டும். அனுப்பிய நிலையம் சம்பளம் கொடுக்கத் தவறினால், வேலை வாங்கிய நிறுவனம் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். இந்தக் கடைசி விதியை நம் பிள்ளைகள் அறவே அறியாமல் இருக்கின்றனர். நிலையத்தார் அறையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டால் எல்லாம் போயிற்று என்று வீடு திரும்பிவிடுகின்றனர். அவ்வாறு விடவேண்டியதில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் உரிய அதிகாரியிடம் முறையிடலாம். மாவட்டத்திலுள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் வழி சொல்வார்கள்.

ஊழியர் தம்மை வேலையில் வைத்தவருக்கோ அவருடைய முகவருக்கோ கொடுக்கும் எத்தொகையும் சம்பளப் பிடித்தமாகவே கருதப்படும் என்பதும் அத்தொகுப்பில் உண்டு. அனுமதிக்கப்பட்ட பிடித்தங்களின் பட்டியலில் 'நிலையத்தின் கமிஷன்' இல்லை. ஆகவே மாதாமாதம் சம்பளத்திலிருந்து ஐந்நூறோ ஆயிரமோ ரொக்கமாகத் திருப்பிக் கேட்பது முறைகேடு. அறிமுகம் மட்டும் செய்யும் முதல் வகை நிலையத்தின் நிலை சற்று வேறு. வேலை தேடுவோரிடம் கட்டணம் பெறலாகாது என்னும் கொள்கையைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1997ஆம் ஆண்டு உடன்படிக்கையில் வகுத்தது. இந்தியா அதனை ஏற்று உறுதி செய்யவில்லை. ஆதலால் அத்தகைய நிலையங்கள் கட்டணம் கேட்பதுண்டு. கொடுத்தே தீரவேண்டுமானால், முதல் மாதச் சம்பளம் கைக்கு வந்தபின், ரசீது பெற்றுக்கொண்டு கொடுப்பது நலம். முன்பணம் கூடாது.

முன்பணம் என்பது 'காப்புத் தொகை', 'பயிற்சிக் கட்டணம்', 'கணினி உபயோகக் கட்டணம்' எனப் பல பெயர்களில் வரும். எங்கள் வட்டாரத்தில் ஒரு விவசாயி, கறவை மாட்டை விற்று மகளுக்காக அவ்வாறு ஒரு தொகை கட்டினார். சேர்க்கை உத்தரவு என்று ஒரு தாளும் வந்தது. குறிப்பிட்ட அலுவலகத்துக்குச் சென்று விசாரித்தபொழுது, அங்கே அப்படி ஓர் இடமே இல்லை. அந்நிலையத்தார் பெண்ணின் அசல் சான்றிதழ்களையும் வாங்கி வைத்திருந்தனர். "பணம் போனது போகட்டுங்க ஐயா, புள்ளையோட சர்டிபிகேட்டாவது திரும்பக் கிடைக்குமா?" என்றே அவர் என்னிடம் கேட்டார். காவல் நிலையத்தார் தலையிட்டபின் சான்றிதழ்கள் திரும்பின, பணம் திரும்பவில்லை. மாட்டை விற்ற பிறகு அவர் வீட்டில் பால் ஊற்றிக் கிடைத்துவந்த வாரப் பணமும் நின்றுபோயிற்று. அசல் சான்றிதழைச் சரிபார்ப்பதற்குக் காட்டலாம், நகலைக் கொடுக்கலாம், அசலை எவரிடமும் விட்டுவரலாகாது. கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கவேண்டும். நேரம் கடந்தால் பணத்தை நிறுத்திவைப்பது கடினம்.

ஆயத்தம்

தற்காலிக வேலைக்குக் கற்றுக்கொடுக்க அவகாசம் இராது. திங்கட்கிழமை சென்றால் செவ்வாய்க்கிழமை வேலை நடக்கவேண்டும். ஆகவே நிலையத்தார் பட்டத்தைவிடக் கைவேகத்தையே பார்ப்பர். தாலுகா நகரங்களில் தட்டச்சுப் பயிலகங்கள் இன்றும் நடைபெறுகின்றன. அரசுத் தேர்வில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொற்கள், முதுநிலைக்கு 45 சொற்கள். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் இளநிலையாவது தேறியவர், வெறும் பட்டத்தோடு வருபவரைவிட முன்னால் நிற்பார். கணினியில் கணக்கேடு பதியும் பயிற்சியும் இருந்தால் வியாபார நிறுவனங்களில் இடம் எளிது. அரசுத் தேர்வுக்குப் படிப்போருக்குத் தட்டச்சு இரட்டைப் பயன் தரும். அதனை ஏனோ பலர் கருதுவதில்லை.

நிலையத்துக்குச் செல்லும்பொழுதே மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைக் கைவிட்டுவிடக் கூடாது. மூன்றாண்டுக்கு ஒரு முறை புதுப்பித்தல் தொடரவேண்டும். அவ்வலுவலகங்கள் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களுக்குச் செல்ல எவ்விதக் கட்டணமும் இல்லை.

சேரும் நாளில் பெறவேண்டியது எழுத்து மூலமான நியமனக் கடிதம். யார் சம்பளம் கொடுப்பது, எவ்வளவு, எந்நாள் வரை, எங்கே வேலை என்பவை அதில் இருக்கவேண்டும். பத்து ஊழியருக்குக் குறையாத நிறுவனம் அதனைக் கொடுப்பது இப்பொழுது கட்டாயம். இ.எஸ்.ஐ. எண்ணையும் கேட்டுப் பெறவேண்டும். மாதச் சம்பளம் ரூ. 21,000 வரை உள்ளவருக்கு அத்திட்டம் பொருந்தும். வருமான வரம்புக்கு உட்பட்டுத் தம்மைச் சார்ந்துள்ள பெற்றோருக்கும் அதில் மருத்துவ உதவி உண்டு என்பது விவசாயக் குடும்பங்களுக்குச் சிறிய செய்தியன்று. மாதம் ரூ. 113 கொடுத்து வருபவர் அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் விடுவது வருந்தத்தக்கது.

ஊராட்சி உறுப்பினர்கள் இதில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நம் ஊரிலிருந்து எந்த நிலையத்தின் மூலம் யார் எங்கே வேலைக்குச் சென்றனர், சம்பளம் ஒழுங்காக வந்ததா என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவருவதே அது. மூன்று ஆண்டுக் குறிப்பு இருந்தால், அடுத்து வரும் பெற்றோருக்கு அதைவிடச் சிறந்த வழிகாட்டி இல்லை. மே 1ஆம் நாள் கிராம சபை கூடுகிறது. தொழிலாளர் நாளாகவும் இருப்பதால் இச்செய்திகளை அங்கே படித்துச் சொல்லலாம். ஊராட்சி அலுவலகக் கணினியில் ஒரு நிறுவனத்தின் வைப்பு நிதிப் பதிவைத் தேடிக் காட்டுவதும் உறுப்பினர் ஒருவர் செய்யக்கூடிய காரியமே.

ஒப்பந்தக் காலம் முடியும்பொழுது சில வேலைகள் உண்டு. அலுவலகத்தின் தலைப்புத் தாளில், செய்த வேலையையும் காலத்தையும் குறித்துச் சான்று ஒன்று வாங்கவேண்டும். நிலையத்தின் சான்றைவிட அலுவலகத்தின் சான்றுக்கே மதிப்பு அதிகம். மேலாளர் கையொப்பமிட மறுப்பது அரிது. வைப்பு நிதிக் கணக்கில் விலகிய தேதி பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அது பதிவாகாவிட்டால் பின்னர் பணத்தை மாற்றுவதில் தொல்லை வரும். அத்தொகையை உடனே எடுத்துச் செலவிடாமல் அடுத்த வேலையின் கணக்கோடு சேர்த்துக்கொள்வது நன்று. பத்தாண்டுச் சேவை நிறைந்தால் ஓய்வூதிய உரிமை உண்டு. ஆறு மாதம், நான்கு மாதம் என்று துண்டு துண்டாகச் செய்த வேலையும் அந்தக் கணக்கில் கூடும்.